உப்புப் பூத்த டாங்கிள்

பாம்பனில் இருபத்தாறு வருடமாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, சர்ச் கொடியேற்ற நோட்டீஸ், கந்தூரி நோட்டீஸ், மகளிர் குழுக் கடன் விண்ணப்பம் எல்லாம் ஒரே மேசையில்தான் ஓடும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடப்பதாலோ என்னவோ, இந்த மாதம் இந்தப் பகுதிக்கு வாசகர் கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கேள்வி: காசு கொடுத்து மென்பொருள் வாங்குவதா, கட்டற்ற மென்பொருளைப் போட்டுக்கொள்வதா? மற்றதையெல்லாம் அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டேன்.

கே: ஓசியில் கிடைக்கும் மென்பொருள் உருப்படியாக இருக்குமா? செய்து கொடுக்கிறவனுக்கு இதில் என்ன வருமானம்? (ஸ்டேஷனரி கடைக்காரர், கீழக்கரை)

ப: வியாபாரிக்கு வரவேண்டிய சந்தேகம்தான் பாய். ஆனால் இரண்டு சரக்கை ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டீர்கள். இலவசம் வேறு, கட்டற்றது வேறு. வாட்ஸ்அப் இலவசம். ஆனால் அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களோ நானோ பார்க்க முடியாது. கட்டற்ற மென்பொருளின் மூல நிரல், அதாவது அதை எழுதிய வரிகள், திறந்து கிடக்கும். படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். கடல் வரைபடம் காட்டும் ஓபன்சிபிஎன் இந்த வகை. கணினிக்குச் சும்மாவே இறக்கிக்கொள்ளலாம், ஆண்ட்ராய்டு போனுக்கு வேண்டுமென்றால் ஒரு சிறு தொகை கட்ட வேண்டும். கட்டற்றதுதான், ஆனால் ஓசி இல்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஃப்ரீ’ என்று ஒரே சொல்லாய்ப் போனதால் அவர்கள் இன்னும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

வருமானத்துக்கு வருவோம். உங்கள் சட்டைப்பையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அதன் அடியில் ஓடுவது லினக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள். 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் பொழுதுபோக்காகத் தொடங்கியது. இன்று அதற்கு நிரல் எழுதுகிறவர்களில் நிறையப் பேர் இன்டெல், கூகுள், ரெட் ஹேட் மாதிரி இடங்களில் மாதச் சம்பளக்காரர்கள். ஆளாளுக்குத் தனித்தனியாக எழுதுவதைவிடச் சேர்ந்து ஒன்றை எழுதினால் செலவு குறையும் என்ற கணக்குத்தான், தர்ம காரியம் இல்லை. வாடிக்கையாளர்களே காப்பாற்றியதும் உண்டு. முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டரை வைத்திருந்த கம்பெனி மூடியபோது, 2002-ல் அதைப் பயன்படுத்தியவர்கள் ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டிக் கொடுத்து நிரலை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள்.

தரத்துக்கு என் தொழிலிலிருந்தே ஒரு சாட்சி சொல்கிறேன். ‘கொ’ என்று அடித்தால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் உட்கார வேண்டும். அந்த வேலையைப் பார்க்கும் நிரலுக்கு ஹார்ஃப்பஸ் என்று பெயர். கட்டற்றது. ஆண்ட்ராய்டு, குரோம், பயர்பாக்ஸ், கடிதமும் பட்டியலும் போடும் லிப்ரே ஆபீஸ் எல்லாவற்றிலும் அதுதான் தமிழைக் கோத்துக் கொடுக்கிறது. சந்தா கட்டி வாங்குகிறோமே போட்டோஷாப், அதற்குள்ளும் இப்போது அதே ஹார்ஃப்பஸ்தான்.

கே: பில் போட்டுக் காசு கொடுத்து வாங்கினால் அது நம் சொத்து. பிரச்சினை என்றால் கேட்க ஆளும் இருக்கும். இதைப் பற்றி நீங்கள் பேசுவதே இல்லையே அக்கா? (வாசகி, தங்கச்சிமடம்)

ப: இரண்டு சொல்லியிருக்கிறீர்கள். இரண்டாவது சரி, அதை அடுத்த பதிலில் எடுத்துக்கொள்கிறேன். முதலாவதற்கு நான் படிப்புச் செலவு செய்திருக்கிறேன், கேளுங்கள்.

2001-ல் ஒரு தமிழ் எழுத்துருத் தொகுப்பு வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். அம்மாவின் வளையல் அடகுக்குப் போய் வந்த காசு அது. தொகுப்போடு ஒரு டாங்கிள் கொடுத்தார்கள். கணினிக்குப் பின்னால் பிரிண்டர் கேபிள் செருகும் இடத்தில் அதைச் செருகி, அதன் முதுகில் கேபிளைச் செருக வேண்டும். டாங்கிள் இல்லாவிட்டால் எழுத்துரு வேலை செய்யாது. திருட்டுப் பிரதி போடாமலிருக்கப் பூட்டு. பில் போட்டு வாங்கின என்னையும் சேர்த்துத்தான் பூட்டினார்கள் என்பது அப்போது தெரியவில்லை.

பாம்பன் உப்புக்காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கச்சான் அடிக்கிற மாசங்களில் ஜன்னல் கம்பியே செதில் செதிலாக உரியும். நாலாவது வருடம் டாங்கிளின் ஊசிகளில் பச்சை பூத்தது. பழைய பல் பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து இன்னும் இரண்டு வருடம் ஓட்டினேன். ஒரு நாள் காலையில் ஒரேயடியாகப் போய்விட்டது. கம்பெனிக்குப் போன் போட்டால் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. எழுதிய கடிதம் முத்திரை குத்தித் திரும்பி வந்தது. பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கரில் செய்து வைத்திருந்த ஆறு வருட வேலை அவ்வளவும் திறக்கும், ஆனால் ‘அன்புடையீர்’ இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் டாலர் குறியுமாகக் கிடக்கும். அந்தக் கம்பெனி எந்த எண்ணில் எந்த எழுத்தை வைத்தது என்பது அவர்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். மூத்த மகள் கல்யாணத்துக்கு அடித்த மாதிரியே சின்னவளுக்கும் அடித்துக் கொடு என்று ஒரு சம்மாட்டி, படகு முதலாளி, வந்து நின்றார். முதலிலிருந்து உட்கார்ந்து அடித்தேன். அச்சுக்கூலிக்கு மேல் கேட்க வாய் வரவில்லை.

ஆக, நாம் வாங்குவது பயன்படுத்தும் அனுமதியை. சொத்து அவர்களிடம்தான் இருக்கிறது. அப்போதாவது ஒரு தடவை வாங்கினால் முடிந்தது. 2013-ல் போட்டோஷாப் கம்பெனியான அடோபி சந்தா முறைக்குப் போனதிலிருந்து பலரும் அதே வழிதான். கட்டுவதை நிறுத்தினால் மென்பொருளும் நின்றுவிடும். மென்பொருள் யாருடையதாகவும் இருந்துவிட்டுப் போகட்டும், கோப்பு நம் கையில் இருக்கிறதா என்றுதான் நான் இப்போது பார்க்கிறேன். தமிழ் என்றால் யூனிகோடு, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து எண் முறை. கடிதம், பட்டியல் என்றால் ஓடிஎஃப் வடிவம், 2006-லேயே ஐஎஸ்ஓ தரமாகிவிட்டது. அதன் இலக்கணம் அச்சிட்டுக் கிடக்கிறது, நாளைக்கு லிப்ரே ஆபீஸே இல்லாமல் போனாலும் வேறொருவர் திறந்து கொடுக்க முடியும்.

உங்களிடம் பழைய கோப்பு இருந்து, அது பாமினி, திஸ்கி, டாப் மாதிரிப் பரவலாகப் புழங்கிய முறையில் அடித்ததாக இருந்தால் பயப்பட வேண்டாம். ஓபன்-தமிழ் என்ற கட்டற்ற பைத்தான் நிரல்மொழித் தொகுப்பில் யூனிகோடு மாற்றி இருக்கிறது. பிளஸ் டூவில் பைத்தான் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் தடைக்காலத்துக்குள் உட்கார வைத்துவிடுங்கள்.

கே: மண்டபத்தில் கருவாடு மொத்த வியாபாரம். கணக்கு எழுத மகன் டேலி வாங்கணும் என்கிறான், மருமகன் குனூகேஷ் இன்டர்நெட்டில் சும்மாவே இருக்கு என்கிறான். யார் பேச்சைக் கேட்பது தங்கச்சி?

ப: மகன் பேச்சை அண்ணே. டேலி வாங்குங்கள்.

கட்டற்ற பக்கம் பேசுகிறவள் இப்படிச் சொல்கிறாளே என்று மருமகன் கோபிப்பார். அவர் சொல்லும் குனூகேஷ் நல்ல மென்பொருள், இரட்டைப் பதிவுக் கணக்கை ஒழுங்காக எழுதும். ஆனால் 2017 ஜூலை 1-லிருந்து நம் தலையில் உட்கார்ந்திருக்கும் ஜிஎஸ்டியின் ரிட்டர்ன் கோப்பை அது தயாரித்துக் கொடுக்காது. மும்பையில் எழுதப்படும் ஈஆர்பிநெக்ஸ்ட் அதையும் செய்யும், கட்டற்றதும்கூட. ஆனால் அதை ஒரு சர்வரில் ஏற்றி, மாதா மாதம் பேணி, நின்றுபோனால் ராத்திரியில் எழுந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். மண்டபத்தில் அந்த ஆள் யார்?

என் அப்பா வள்ளத்துக்கு என்ஜின் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். விலையைக் கடைசியில்தான் கேட்டார். முதல் கேள்வி, “இதைப் பிரிச்சுப் பூட்டத் தெரிஞ்சவன் நம்ம கரையில எத்தனை பேரு?” இதைவிட நல்ல அளவுகோலை நான் எந்தக் கணினிப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. டேலி தெரிந்த பி.காம். பிள்ளைகள் ராமநாதபுரத்தில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். கணக்குப்பிள்ளை நின்றுவிட்டால் மறுநாளே இன்னொருவர் கிடைப்பார். உங்கள் ஆடிட்டரும் டேலி பேக்கப்பைத்தான் கேட்பார். பெங்களூரில் 1986-லிருந்து இருக்கிற கம்பெனி, நம் ஊர் வரிச் சட்டம் மாறினால் அவர்களும் மாற்றிக் கொடுத்தாக வேண்டும். நீங்கள் கொடுக்கும் காசு இந்த வசதிகளுக்குத்தான்.

வாங்கியபின் ஒன்று செய்யுங்கள். மாதக் கடைசியில் பேரேடு, இருப்பு, பாக்கிப் பட்டியல் மூன்றையும் எக்செல்லாகவும் பிடிஎஃப்பாகவும் எடுத்துப் பென்டிரைவில் போட்டு வீட்டில் வையுங்கள். வீட்டில், கருவாட்டுக் கொட்டகையில் இல்லை. கடிதம் எழுதவும் விலைப்பட்டியல் போடவும் தனியாக ஆபீஸ் தொகுப்பு வாங்காதீர்கள், லிப்ரே ஆபீஸ் போதும். மருமகனுக்கும் ஒரு வேலை ஆயிற்று, அவரையே நிறுவித் தரச் சொல்லுங்கள்.

கே: டிசைன் வேலைக்குப் போக ஆசை. கட்டற்ற கிம்ப் படிக்கவா, போட்டோஷாப் படிக்கவா? (கல்லூரி மாணவர், தொண்டி)

ப: வேலை கேட்டுப் போகும் பிளக்ஸ் கடையில் போட்டோஷாப், கோரல்டிரா தெரியுமா என்றுதான் கேட்பார்கள் தம்பி. ஆகவே அது தெரியாமல் இருக்க முடியாது. ஆனால் உன் வீட்டுக் கணினியில் தொடங்கு கிம்ப்பில். லேயர், மாஸ்க், கர்வ்ஸ் என்றால் என்ன என்று கைக்குப் பழகிவிட்டால் மற்றதில் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடுவது மட்டும்தான் பாக்கி. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், போட்ட பில்டரைப் பிறகு திருத்தும் வசதியும் வந்துவிட்டது. குறையும் சொல்லிவிடுகிறேன். ஆப்செட் அச்சுக்கு வேண்டிய நாலு வண்ண முறையிலேயே வேலை செய்ய கிம்ப் விடாது, கடைசியில் மாற்றித்தான் கொடுக்க முடியும். அட்டை வேலை வந்தால் நான் அதைப் பக்கம் அமைக்கும் ஸ்கிரைபஸுக்குக் கொண்டுபோய்விடுவேன். லோகோவுக்கு இங்க்ஸ்கேப். எழுத்துருவுக்கு முக்த மலர், மீரா இனிமை, நோட்டோ தமிழ் எல்லாம் திறந்த உரிமத்தில் இருக்கின்றன, வியாபார வேலைக்கும் தாராளமாகப் போடலாம்.

ஒரு விசித்திரம் பார். பிளஸ் ஒன் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் ஓபன் ஆபீஸ் சொல்லிக் கொடுக்கிறார்கள். பிளஸ் டூவுக்குப் போனால் பேஜ்மேக்கர்! அதன் கடைசிப் பதிப்பு வந்ததே 2001-ல். யூனிகோடு தமிழ் அதற்குத் தெரியவே தெரியாது. நான் டாங்கிள் வாங்கிய வருடத்து மென்பொருளை இந்தக் காலத்துப் பிள்ளை பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறது.

கே: எல்லாரும் கிராக் போட்டுத்தானே ஓட்டுகிறார்கள்? பிறகு எதற்கு இந்த ஆராய்ச்சி? (ஏர்வாடி)

ப: நானும் கிராக்கில்தான் தொழில் தொடங்கினேன், பெரிய மனுஷி வேஷம் போடமாட்டேன். ஆனால் இன்று என் கணினியில் ஊர்க்காரர்களின் ஆதார் நகலும் வங்கிப் புத்தக நகலும் கிடக்கின்றன. முகம் தெரியாத ஒருவன் உடைத்துக் கொடுத்ததை அதே கணினியில் ஏற்றத் துணிச்சல் இல்லை.

கே: எங்கள் பள்ளியில் எட்டுக் கணினிகள். விண்டோஸ் 10 காலம் முடிந்துவிட்டது, 11 ஏறாது, எல்லாவற்றையும் எடைக்குப் போடுங்கள் என்கிறார் கடைக்காரர். (ஆசிரியை, ராமேஸ்வரம்)

ப: எடைக்குப் போடாதீர்கள் டீச்சர்! 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றது உண்மை. பழைய கணினிகளில் 11 ஏறாததும் உண்மை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் புதிய பிராசசரும் கேட்கும். ஆனால் கணினி சாகவில்லை.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடலாம். லினக்ஸ் மின்ட் என்ற பதிப்பில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான வகையைப் பென்டிரைவில் போட்டு, நிறுவாமலேயே ஒரு கணினியில் ஓட்டிப் பாருங்கள். 2 ஜிபி ராம் இருந்தால் ஓடும், 4 ஜிபி இருந்தால் நிம்மதியாக ஓடும். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, புரொஜெக்டர் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் நிறுவுங்கள். பிரிண்டரை மறக்காமல் சோதியுங்கள். நம் பக்கத்து டி.டி.பி. கடைகளில் பாதியில் இருக்கும் ஒரு பழைய லேசர் பிரிண்டரை லினக்ஸில் ஓட வைக்க எனக்கு மூன்று நாள் ஆனது, அந்த மூன்று நாளும் வீட்டில் சமையல் இல்லை. (கட்டற்ற மென்பொருள் இயக்கமே ஒரு பிரிண்டர் எரிச்சலில்தான் தொடங்கியது. எம்.ஐ.டி. ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மேன் தாள் சிக்கும் பிரிண்டரின் மூல நிரலைக் கேட்டார், கொடுக்க மறுத்துவிட்டார்கள். 1983-ல் அவர் குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்ததற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம். எனக்கு அவர்மேல் தனிப் பாசம் வந்தது இதைப் படித்த பிறகுதான்.) கைரேகைக் கருவி மாதிரி எதையாவது செருகுவீர்கள் என்றால், அது லினக்ஸில் ஓடாமல் போகலாம், எட்டில் ஒன்றை அதற்கென்று தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலேயே இருக்கிறது. விண்டோஸிலிருந்து வரும் கேள்வித்தாளைத் திறந்தால் பக்கம் நகர்ந்து நிற்கும். லதா, நிர்மலா எழுத்துருக்கள் விண்டோஸோடு வருபவை, இங்கே இருக்காது, வேறொன்று அந்த இடத்தில் உட்கார்ந்து வரியை நீட்டிவிடும். எல்லோரும் நோட்டோ தமிழில் அடிப்பது என்று ஆசிரியர் அறையில் ஒரு முடிவு எடுங்கள், இல்லாவிட்டால் பிடிஎஃப்பாக வாங்குங்கள். சின்ன வகுப்புகளுக்கு, விளையாட்டாகப் பாடம் சொல்லும் ஜிகாம்ப்ரி போடுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு ஸ்டெல்லேரியம். தனுஷ்கோடி மணலில் ராத்திரி பார்க்கும் அதே வானத்தைத் திரையில் காட்டி நட்சத்திரத்துக்குப் பெயர் சொல்லும். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிக் கணினிப் பாடமே பல வருடமாகக் கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. தலைமையாசிரியர் தயங்கினால் இதைச் சொல்லுங்கள்.

கே: போனில் சும்மா கிடைக்கும் ஜிபிஎஸ் செயலி போதுமா, கருவி வாங்கித்தான் ஆகணுமா? (வத்தை என்ற சிறு படகு வைத்திருப்பவர், தேவிபட்டினம்)

ப: கருவி வாங்குங்கள். செயலி நல்லதா, கெட்டதா என்பதைவிடப் போன்தான் பிரச்சினை. உப்புத்தண்ணீர் பட்டால் தொடுதிரை தானாகவே ஓடும், வெயிலில் திரை தெரியாது, சார்ஜ் பாதி வழியில் போகும். ஓபன்சிபிஎன்னைக் கரையில் வைத்துப் பயன்படுத்துங்கள். போட்டோ பார்ப்பது போல, போன தடவை கடலுக்கு எந்த வழியாகப் போனோம், எங்கே பாறை இருந்தது என்று நிதானமாகப் பார்க்கலாம், புள்ளிகளைக் குறித்து வைக்கலாம். கடல் எல்லைக் கோட்டையும் அதில் நாமே வரைந்துகொள்ளலாம் என்று ஒரு தம்பி சொன்னான். வரைந்தது ஒரு மைல் தப்பினால் யார் போய் நிற்பது? அந்த விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம்.

கே: மூல நிரலை எல்லோரும் பார்க்கலாம் என்றால் திருடனும் பார்ப்பானே? பூட்டின் படத்தைத் தெருவில் ஒட்டி வைப்பது போல இல்லையா? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ராமநாதபுரம்)

ப: பார்ப்பான் சார். 2024 மார்ச்சில் அதுதான் நடந்தது. எக்ஸ்இசட் என்று கோப்பைச் சுருக்கும் ஒரு சின்ன நிரல், உலகத்தில் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருப்பது. அதை ஒற்றை ஆள் சம்பளமில்லாமல் பேணி வந்தார். உதவி செய்வதாகப் புனைபெயரில் ஒருவன் வந்து, இரண்டு வருடத்துக்கு மேல் நல்லபிள்ளையாக வேலை செய்து, நம்பிக்கையைப் பெற்று, கடைசியில் ரகசியக் கதவு ஒன்றை உள்ளே வைத்துவிட்டான். பிடித்தது ஆண்ட்ரஸ் பிராயிண்ட் என்ற பொறியாளர். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று தோண்டினார். மூல நிரல் திறந்து இருந்ததால் அவரால் அடி வரைக்கும் தோண்ட முடிந்தது. பூட்டிய மென்பொருளாக இருந்தால் ‘இன்று மெதுவாக இருக்கிறது’ என்று புகார் எழுதிவிட்டுப் போயிருப்பார்.

அதற்காகத் திறந்திருந்தாலே பாதுகாப்பு என்று சொல்லமாட்டேன். ஒரு கட்டற்ற நிரலில் இருந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை, 2014-ல் தெரியவரும் முன் இரண்டு வருடம் எல்லோர் கண்ணெதிரிலும் கிடந்தது, யாரும் பார்க்கவில்லை. உங்கள் வங்கியில் பேரேட்டை எல்லோரும் பார்க்கலாம் என்றிருந்தாலும், உட்கார்ந்து கூட்டிப் பார்த்தவர் எத்தனை பேர் சார்?

கே: போன மாதப் பதிலில் ஐந்து இடத்தில் வலையை உவமை சொன்னீர்கள். எங்கள் ஊரில் தென்னையும் இருக்கிறது. (உச்சிப்புளி)

ப: இந்த மாதம் ஒரு வலைகூட இல்லை, எண்ணிப் பாருங்கள். என்ஜினைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அப்புறம், பழைய கணினியில் லினக்ஸ் போட்டுத் தரச் சொல்லிக் கடைக்கு வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பதினோரு மணிக்கு மேல் வரவும். கணினியிலிருக்கும் போட்டோக்களை முதலிலேயே வேறு இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். கீபோர்டு, மவுஸ் உங்களுடையது. போன வாரம் வந்தவர் என் மவுஸைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார், படித்தால் திருப்பிக் கொடுக்கவும்.